அறுந்து அறுந்து ஒட்டும் இணைப்பு: வைஃபை வரலாறு சொல்லும் காரணங்கள்

முன்னுரை

“டீச்சர், லைன் போயிடுச்சு!” இணையவழியில் பாடம் நடத்திய ஆசிரியர் எவரும் இந்த வாக்கியத்தைக் கேட்காமல் இருந்திருக்க மாட்டார். 2020 மார்ச் 18-ஆம் தேதி மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. சிங்கப்பூரில் அதே ஆண்டு ஏப்ரல் 8-ஆம் தேதி முழுமையான வீட்டிலிருந்து கற்றல் தொடங்கியது. அதன்பின் சிங்கப்பூரில் உயர்நிலைப்பள்ளி மாணவர் ஒவ்வொருவரும் சொந்தமாகக் கற்றல் சாதனம் வைத்திருக்கும் திட்டமும் விரைவுபடுத்தப்பட்டது. இன்று பாடம், ஒப்படைப்பு, வாய்மொழிப் பயிற்சி என்று பலவும் மடிக்கணினியில்தான் நடக்கின்றன.

ஆனால் இணைப்பு மட்டும் வரும், போகும். ஐந்து நிமிடம் நன்றாக இருக்கும், அப்புறம் அறுந்துவிடும், நாம் ஏதாவது செய்வதற்குள் தானாகவே ஒட்டிக்கொள்ளும். முழுசாகக் கெட்டுப்போன சாதனத்தைப் பழுதுபார்க்க அனுப்பிவிடலாம். இப்படி விட்டு விட்டு வரும் கோளாறுதான் பெரிய தலைவலி. “எங்கே, காட்டு” என்று கேட்டால், அந்த நேரம் பார்த்து ஒழுங்காக வேலை செய்யும். அதனால் மாணவர் சொல்வது உண்மையா, சாக்கா என்ற சந்தேகமும் ஆசிரியருக்கு வருகிறது.

இந்த இடத்தில் வரலாறு நமக்குக் கைகொடுக்கும். வைஃபை எந்தத் தேவைக்காக, எந்த அலைவரிசையில், என்ன நிபந்தனையோடு பிறந்தது என்று தெரிந்துகொண்டால், அது ஏன் அறுகிறது என்பதும், கோளாறை எங்கே முதலில் தேட வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.

ஹவாய்த் தீவுகளில் தொடங்கிய கதை

1970-களின் தொடக்கத்தில் ஹவாய்ப் பல்கலைக்கழகத்துக்கு ஒரு சிக்கல் இருந்தது. அதன் வளாகங்கள் வெவ்வேறு தீவுகளில் இருந்தன. மையக் கணினியோ ஓரிடத்தில் இருந்தது. நார்மன் ஏப்ரம்சன் என்ற பேராசிரியரின் குழு, வானொலி அலை மூலம் இவற்றை இணைக்க முனைந்தது. 1971-இல் செயல்படத் தொடங்கிய அந்த வலையமைப்பின் பெயர் அலோஹாநெட்.

எல்லா முனையங்களும் ஒரே அலைவரிசையில்தான் மையத்துக்குச் செய்தி அனுப்ப வேண்டும். ஒவ்வொருவருக்கும் தனி நேரம் ஒதுக்கவில்லை. விதி மிக எளிமையானது: செய்தி இருந்தால் அனுப்பு, “கிடைத்தது” என்று பதில் வராவிட்டால் சிறிது நேரம் காத்திருந்து மறுபடி அனுப்பு. அந்தக் காத்திருப்பு நேரம் ஆளுக்கு ஆள் மாறுபடும். இல்லையென்றால் இருவரும் மறுபடியும் ஒரே நேரத்தில் பேசி மோதிக்கொள்வார்கள் அல்லவா?

இந்த முறைக்கு ஓர் எல்லை உண்டு. கணக்குப் போட்டுப் பார்த்தால், பாதையின் மொத்தக் கொள்ளளவில் ஏறத்தாழ 18 விழுக்காடுதான் பயனுள்ள செய்தியாகப் போய்ச் சேரும். அதற்கு மேல் நெரிசல் கூடினால் மோதலும் கூடும். போய்ச் சேரும் செய்தி குறையும்.

இதிலிருந்து ஊக்கம் பெற்ற ராபர்ட் மெட்கால்ஃப், 1973-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் ஈதர்நெட் என்னும் கம்பிவழி வலையமைப்பை உருவாக்கினார். கம்பியில் பேசிக்கொண்டே மோதலைக் கண்டறிய முடியும். வானொலியில் அது கடினம். தான் அனுப்பும் அலையின் பலத்தில் மற்றவரின் மெல்லிய அலை கேட்காது. அதனால் பின்னாளில் வந்த வைஃபை, முதலில் காதுகொடுத்துக் கேட்டு, யாரும் பேசவில்லை என்றால் சற்றுப் பொறுத்து அனுப்பி, பதிலுக்குக் காத்திருக்கும் முறையைக் கைக்கொண்டது. இரவு 8 மணிக்கு அடுக்குமாடிக் கட்டடம் முழுவதும் படம் பார்க்கும்போது உங்கள் இணைப்பு திணறுகிறது என்றால், அதன் வேர் இந்தப் பழைய விதியில் இருக்கிறது.

அடுப்புக்கு ஒதுக்கிய அலைவரிசை

இரண்டாம் உலகப் போரில் ரேடார் கருவிகளுக்காக நுண்ணலை தயாரித்த நிறுவனங்களுள் ஒன்று அமெரிக்காவின் ராய்தியான். அங்கே பணியாற்றிய பெர்சி ஸ்பென்சர், 1945-இல் நுண்ணலையால் உணவைச் சூடாக்கலாம் என்பதைக் கண்டறிந்தார். 1947-இல் அந்நிறுவனத்தின் முதல் நுண்ணலை அடுப்பு விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டு அட்லாண்டிக் சிட்டி நகரில் நடந்த அனைத்துலகத் தொலைத்தொடர்பு மாநாட்டில், 2.4 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் ஒரு பகுதி தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்காக ஒதுக்கப்பட்டது. அங்கே அடுப்பும் சூடேற்றும் கருவிகளும் இரைச்சல் எழுப்பும் என்பதால், தகவல் தொடர்புக்கு அதை யாரும் பெரிதாக விரும்பவில்லை.

1985 மே மாதத்தில் அமெரிக்காவின் மத்தியத் தொடர்பு ஆணையம் ஒரு துணிச்சலான முடிவெடுத்தது. யாரும் விரும்பாத அந்த அலைவரிசைகளில், உரிமம் இல்லாமலே தகவல் தொடர்புக் கருவிகளை இயக்கலாம் என்று அறிவித்தது. ஆணையத்தின் பொறியாளர் மைக்கேல் மார்கஸ் இந்த யோசனையை முன்னெடுத்தவர். அனுப்பும் சக்திக்கு வரம்பு உண்டு. அலையை ஒரே புள்ளியில் குவிக்காமல் பரப்பி அனுப்ப வேண்டும்.

இன்னொரு நிபந்தனையும் இருந்தது. நம் கட்டுரைக்கு அதுதான் உயிர்நாடி. உரிமம் இல்லாத கருவி மற்றவருக்குக் கேடான இடையூறு தரக்கூடாது; தனக்கு வரும் இடையூற்றைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். அதாவது, கட்டணம் இல்லை, அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஆனால் பாதுகாப்பும் இல்லை. பக்கத்து வீட்டு வைஃபை உங்கள் வைஃபையைத் தொந்தரவு செய்தால் புகார் கொடுக்க இடமில்லை. பொதுக் கிணற்றில் வாளி மோதுவது போலத்தான்.

நுண்ணலை அடுப்பு உள்ளே 1000 வாட் அளவு சக்தியை உருவாக்குகிறது. மடிக்கணினியின் வைஃபை அனுப்புவதோ சுமார் 0.1 வாட் அல்லது அதற்கும் குறைவு. அடுப்பிலிருந்து உடலுக்குத் தீங்கில்லாத அளவு மிகச் சிறிய கசிவு வந்தாலும், பக்கத்தில் இருக்கும் வைஃபைக்கு அது பெரும் இரைச்சல். சமையலறைக்குப் பக்கத்தில் படிக்கும் பிள்ளைக்கு, சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ‘லைன் போவதில்’ வியப்பில்லை.

கடைக் கல்லாவிலிருந்து மடிக்கணினிக்கு

இந்தத் திறந்த அலைவரிசையை முதலில் பயன்படுத்த விரும்பியவர்களில் என்.சி.ஆர். நிறுவனமும் ஒன்று. கடைகளுக்குக் கல்லாப் பெட்டி செய்து தருவது அவர்கள் தொழில். கடையில் அடுக்குகளை மாற்றி வைக்கும்போதெல்லாம் கல்லாவுக்குப் புதிதாகக் கம்பி இழுக்க வேண்டியிருந்தது. கம்பியே இல்லாமல் இணைத்தால் என்ன என்று நெதர்லாந்தில் இருந்த அவர்களின் பொறியியல் பிரிவு ஆராய்ந்தது. வேவ்லேன் என்னும் கருவி பிறந்தது.

ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனி மொழியில் பேசினால் கருவிகள் ஒன்றோடொன்று சேராது. எனவே 1990-இல் மின், மின்னணுப் பொறியாளர்களின் அமைப்பான ஐ.இ.இ.இ., 802.11 என்னும் குழுவை அமைத்தது. என்.சி.ஆரைச் சேர்ந்த விக் ஹேஸ் பத்தாண்டுகள் அதற்குத் தலைமை தாங்கினார். 1997-இல் முதல் தரநிலை வெளியானது. வேகம் விநாடிக்கு 1 அல்லது 2 மெகாபிட் மட்டுமே. 1999-இல் 11 மெகாபிட் வேகமுள்ள 802.11பி, 5 கிகாஹெர்ட்ஸில் 54 மெகாபிட் வேகமுள்ள 802.11ஏ ஆகியவை வந்தன. அதே ஆண்டு ஜூலையில் ஆப்பிள் நிறுவனம், கம்பியில்லா இணைப்பு வசதியுள்ள ஐபுக் மடிக்கணினியை அறிமுகம் செய்தது. 2003-இல் இன்டெல் நிறுவனத்தின் சென்ட்ரினோ வந்தபின், வைஃபை இல்லாத மடிக்கணினியைப் பார்ப்பதே அரிதாகிவிட்டது.

தேர்வுக் கட்டுரையில் தவறாக எழுதப்படும் இரண்டு செய்திகளை இங்கே சொல்லியாக வேண்டும். முதலாவது, வைஃபை என்பது எதன் சுருக்கமும் அல்ல. ஒரு விளம்பரப் பெயர் நிறுவனம் உருவாக்கித் தந்த வணிகப் பெயர். இரண்டாவது, “வைஃபையைக் கண்டுபிடித்தவர் நடிகை ஹெடி லமார்” என்று சமூக ஊடகங்களில் சுற்றும் செய்தி. ஹெடி லமாரும் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தீலும் 1942-இல் காப்புரிமை பெற்றது, நீர்மூழ்கிக் குண்டுகளை வழிநடத்தும் அலை தாவிக்கொண்டே இருக்கும் முறைக்காக. அது பாராட்டத்தக்க சாதனைதான். அலைதாவும் முறை 1997 தரநிலையில் ஒரு தெரிவாக இருந்தது. 1999-க்குப் பின் வளர்ந்த வைஃபை வேறு முறைகளில் நடக்கிறது. எனவே ‘கண்டுபிடித்தவர்’ என்று எழுத முடியாது.

சுவரும் எதிரொலியும்

திறந்த வெளியில் அலை நேராகப் போகும். வீட்டுக்குள் சுவர், அலமாரி, குளிர்பதனப் பெட்டி எல்லாவற்றிலும் பட்டுத் தெறிக்கும். ஒரே செய்தி பல பாதைகளில் சற்று முன்பின்னாக வந்து ஒன்றன்மேல் ஒன்று விழும். பெரிய மண்டபத்தில் ஒலிபெருக்கிப் பேச்சு எதிரொலித்துப் புரியாமல் போவதைப் போல.

இதற்குத் தீர்வு தேடியவர்களில் ஆஸ்திரேலியாவின் தேசிய அறிவியல் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. முக்கியமானது. அங்கிருந்த ஜான் ஓசல்லிவன் ஒரு வானொலி வானியலாளர். 1970-களில் வெடிக்கும் கருந்துளைகளிலிருந்து வரக்கூடிய அலைத் துடிப்புகளைத் தேடினார், கிடைக்கவில்லை. ஆனால் மங்கிய அலையைத் தெளிவாக்கும் கணித அனுபவம் கிடைத்தது. 1990-களில் அவருடைய குழு, செய்தியைப் பல மெதுவான ஓடைகளாகப் பிரித்து ஒரே நேரத்தில் அனுப்பி எதிரொலியைச் சமாளிக்கும் முறைக்கு 1996-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றது.

எதிரொலியைச் சமாளிக்கலாம், தடுப்பைச் சமாளிப்பது கஷ்டம். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, நெரிசல் குறைந்தது; ஆனால் சுவரைத் தாண்டும்போது 2.4 கிகாஹெர்ட்ஸை விட அதிகமாக வலுவிழக்கும். நம் வீடுகளின் கான்கிரீட் சுவர்களுக்கும், சிங்கப்பூர் வீடுகள் பலவற்றில் இருக்கும் தடித்த சுவர்கொண்ட புகலிட அறைக்கும் பின்னால் உட்கார்ந்தால் விளைவு உடனே தெரியும்.

தூங்கும் கார்டு, தயங்கும் கணினி

மடிக்கணினி மின்கலத்தில் ஓடுவது. 1997 தரநிலையிலேயே மின்சாரத்தை மிச்சப்படுத்தும் ஏற்பாடு இருந்தது. ரவுட்டர் விநாடிக்கு ஏறத்தாழ 10 முறை “நான் இருக்கிறேன்” என்று அடையாளச் செய்தி அனுப்பும். மடிக்கணினியின் வைஃபை கார்டு இடையில் தூங்கி, அந்தச் செய்தி வரும் நேரத்தில் விழித்துக் கேட்கும். டிரைவர் மென்பொருளில் கோளாறு இருந்தாலோ, மின்சிக்கன அமைப்பு அளவுக்கு மீறி இருந்தாலோ, கார்டு விழிக்க வேண்டிய நேரத்தில் விழிக்காது. அடையாளச் செய்திகளைத் தொடர்ந்து தவறவிட்டால் “ரவுட்டர் போய்விட்டது” என்று முடிவுகட்டி, மறுபடி தேடத் தொடங்கும். இதுதான் சில விநாடி அறுந்து தானாக ஒட்டும் கதை.

பள்ளியில் இன்னொரு வகை உண்டு. ஒவ்வொரு வகுப்பறைக்கும் கூரையில் தனி வைஃபை பெட்டி இருக்கலாம். ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு எப்போது மாறுவது? 802.11 தரநிலை இந்த முடிவை அடிப்படையில் மடிக்கணினியின் கையிலேயே விட்டது. சில மடிக்கணினிகள் நூலகத்திலிருந்த பெட்டியையே பிடித்துக்கொண்டு, மூன்றாம் மாடி வகுப்புக்குப் போன பிறகும் விடமாட்டேன் என்று அடம்பிடிக்கும். கடைசியில் அறுந்த பிறகுதான் தலைக்கு மேலே இருக்கும் பெட்டியைத் தேடும்.

ரேடாருக்கு வழிவிடும் வைஃபை

5 கிகாஹெர்ட்ஸ் வட்டாரத்தில் வைஃபைக்கு முன்பே வானிலை ரேடார், ராணுவ ரேடார் போன்றவை குடியிருந்தன. 2003-இல் ஜெனீவாவில் நடந்த உலக வானொலித் தொடர்பு மாநாடு, அந்த இடத்தை வைஃபையும் பகிர்ந்துகொள்ள வழிவிட்டது. ஆனால் ரேடார் அலை கேட்டால் வைஃபை உடனே விலக வேண்டும் என்றும் விதித்தது. பல நாடுகளில் 52 முதல் 144 வரையிலான சேனல்களுக்கு இவ்விதி பொருந்தும். ரேடார் துடிப்பு என்று கருதினால் ரவுட்டர் 10 விநாடிக்குள் அந்தச் சேனலைவிட்டு வெளியேறும்; 30 நிமிடம் திரும்பாது. வீட்டில் எல்லாக் கருவிகளும் ஒரே நேரத்தில் அறுந்து, கொஞ்ச நேரத்தில் எல்லாமே திரும்பி வந்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வரலாற்றைக் கையில் வைத்துக் கோளாறைத் தேடுதல்

இதுவரை பார்த்த காரணங்களை வரிசையாகக் கேள்விகளாக்கினால், கோளாறைத் தேடுவது எளிது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஐந்தையும் சேர்த்து மாற்றினால் எது சரிசெய்தது என்றே தெரியாமல் போய்விடும்.

1. யாருக்கு அறுகிறது? மடிக்கணினி அறும் அதே நொடியில் கைத்தொலைபேசியின் வைஃபையும் அறுகிறதா என்று பாருங்கள். இரண்டும் அறுந்தால் சிக்கல் ரவுட்டரில் அல்லது இணையச் சேவையில். மடிக்கணினி மட்டும் என்றால் அதற்குள் தேடுங்கள்.

2. எது அறுகிறது? வைஃபை அடையாளமே மறைகிறதா, அல்லது அடையாளம் இருந்தும் இணையம் வரவில்லையா? முன்னது அலையில் சிக்கல். பின்னது பெரும்பாலும் ரவுட்டருக்கு அப்பால் உள்ள சிக்கல்.

3. எங்கே அறுகிறது? ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் சுவரும் தூரமும்தான் காரணம்.

4. எப்போது அறுகிறது? நேரம், இடம், அப்போது வீட்டில் என்ன ஓடியது ஆகியவற்றை மூன்று நாள் குறித்து வையுங்கள். அடுப்பு நேரமா, இரவு நெரிசல் நேரமா என்று தெரியவரும். மடிக்கணினியில் யு.எஸ்.பி. 3.0 வன்தட்டு செருகியிருந்தால் அதையும் குறியுங்கள். அவ்வகைச் செருகிகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்பும் என்று 2012-இல் இன்டெல்லே விளக்கியிருக்கிறது.

5. எந்த அலைவரிசை? ரவுட்டர் பக்கத்தில் என்றால் 5 கிகாஹெர்ட்ஸ். தூரத்து அறை என்றால் 2.4. பின்னதில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றே. அவற்றில் நெரிசல் குறைந்ததைத் தேர்ந்தெடுங்கள்.

6. கார்டு தூங்குகிறதா? விண்டோஸில் சாதன மேலாளரைத் திறந்து, வைஃபை கார்டின் பண்புகளில் மின்சக்தி மேலாண்மைப் பக்கத்துக்குப் போங்கள். மின்சாரம் மிச்சப்படுத்த இச்சாதனத்தை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிடுங்கள். சில புதிய மடிக்கணினிகளில் இந்தப் பக்கம் இருக்காது. பிறகு டிரைவர் மென்பொருளைப் புதுப்பியுங்கள். புதுப்பித்த பிறகுதான் தொல்லை தொடங்கியது என்றால் பழைய பதிப்புக்குத் திரும்புங்கள்.

7. சேமித்த இணைப்பை மறக்கச் செய்து, கடவுச்சொல் கொடுத்து மறுபடி சேருங்கள். பள்ளியில் அறை மாறியதும் இணைப்பு திணறினால், வைஃபையை ஒருமுறை அணைத்துப் போட்டாலே அருகிலுள்ள பெட்டியைப் பிடித்துக்கொள்ளும்.

பள்ளி நிர்வகிக்கும் சாதனமாக இருந்தால் 6-ஆவது படியை மாணவர் தாமாகச் செய்ய அனுமதி இருக்காது. அப்போது நான்காம் படியில் எழுதிய குறிப்பை எடுத்துக்கொண்டு பள்ளியின் தொழில்நுட்ப உதவியாளரைப் பார்ப்பது நல்லது. “அடிக்கடி போகுது சார்” என்பதை விட, “செவ்வாய், புதன் இரண்டு நாளும் இரவு 7.30-க்கு, என் அறையில் மட்டும்” என்று சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஆசிரியர் கவனிக்க வேண்டியது

1985 விதி எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் அதன் சுமை எல்லார்மீதும் ஒரே மாதிரி விழவில்லை. தனி அறையும் தனி ரவுட்டரும் உள்ள பிள்ளைக்கு அலை தாராளம். நான்கு பேர் ஒரே ரவுட்டரைப் பகிர, சமையலறை மேசையில் உட்கார்ந்து படிக்கும் பிள்ளைக்கு நெரிசல், இரைச்சல், சுவர் மூன்றும் சேர்ந்து வருகின்றன. அந்தப் பிள்ளை திரையிலிருந்து மறைவதைச் சோம்பல் என்று குறித்துவிட்டால், நாம் மதிப்பிட்டது அதன் தமிழை அல்ல, அதன் வீட்டை.

எனவே இணையவழி வாய்மொழிப் பயிற்சியில், இணைப்பு அறுந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே வகுப்பில் சொல்லிவிடலாம். பதிலைக் கைத்தொலைபேசியில் ஒலிப்பதிவு செய்து பிறகு அனுப்பலாம். படக்கருவியை அணைத்துக் குரலை மட்டும் வைத்துக்கொள்ளலாம், அதனால் சுமை வெகுவாகக் குறையும். உண்மையான சாக்கும் இருக்கத்தான் செய்யும். மூன்று நாள் குறிப்பு கேட்டால் அது தானாகத் தெரிந்துவிடும்.

மாணவர்களுக்கான காலவரிசை

1942 – ஹெடி லமார், ஜார்ஜ் ஆன்தீல் காப்புரிமை
1947 – தொழில், அறிவியல், மருத்துவக் கருவிகளுக்கு அலைவரிசை ஒதுக்கீடு
1971 – அலோஹாநெட்
1985 – உரிமம் இல்லாப் பயன்பாட்டுக்கு அமெரிக்காவில் அனுமதி
1990 – 802.11 குழு அமைப்பு
1996 – சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அமெரிக்கக் காப்புரிமை
1997 – முதல் தரநிலை
1999 – 802.11ஏ, 802.11பி, மடிக்கணினிகளில் பரவல்
2003 – 5 கிகாஹெர்ட்ஸ் அலைப்பகிர்வும் ரேடார் விதியும்

சிந்திக்க, எழுத

1. “எல்லாருக்கும் பொதுவான ஒன்றை யாரும் பாதுகாப்பதில்லை.” வைஃபை அலைவரிசையின் வரலாற்றைச் சான்றாகக் கொண்டு இக்கருத்தை ஆராய்ந்து எழுதுக.

2. ஒரு தேவைக்காகச் செய்த ஆய்வு வேறொரு துறையில் பயன் தந்ததற்கு இக்கட்டுரையிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகள் தருக.

3. உன் வீட்டிலோ பள்ளியிலோ இணைப்பு அறும் நேரங்களை மூன்று நாள் குறித்து, காரணத்தை ஊகித்து, பள்ளித் தொழில்நுட்ப உதவியாளருக்கு 120 சொற்களில் ஒரு மின்னஞ்சல் எழுதுக.